காணாததை நிறுக்கும் தராசு



போன மாதம் காரைநகருக்குப் போயிருந்தேன். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் இறங்கும்போதே சோழகக் காற்று முகத்தில் அறைந்தது. மாதர் சங்கக் கூட்டம் முடிந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வேளையில் ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தா. இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவ.

"தங்கச்சி, கிணத்துத் தண்ணி உவராகிறதைப் பற்றி எழுதினியள், எல்லாருக்கும் விளங்கினது. இனி வானத்தைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோ. என்ரை மகள் உயர்தரத்திலை கணிதம் படிக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத பாரத்தை விஞ்ஞானிமார் நிறுக்கினமாம் எண்டு சொல்லுறாள். காணாததை எப்பிடிப் பிள்ளை நிறுக்கிறது?"

கேட்டுவிட்டுச் சிரித்தா. ஆனால் அந்தக் கேள்வியில் சிரிப்பு மட்டும் இருக்கவில்லை. அக்காவின் மூத்த மகன் போர்க்காலத்தில் காணாமற் போனவன். அதனால் அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கும் கொண்டு வந்தேன். இம்மாதம் அதற்குத்தான் பதில்.

ஒளியும் வளையும்

கிணற்றடியில் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் ஒரு நேரான தடியைச் சரித்து விட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தில் முறிந்ததுபோலத் தெரியும். தடி முறியவில்லை; தடியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிதான் வழியில் திரும்பிவிட்டது. மூக்குக்கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் இந்த வித்தையைத்தான் செய்கின்றன. பாடப்புத்தகத்தில் இதற்கு வில்லை என்று பெயர்.

கண்ணாடியும் தண்ணீரும் இல்லாத வெறும் வெளியிலும் ஒளி வளையும் என்று சொன்னவர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். பாரமான ஒரு பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையே வளைத்துவிடுகிறது, அதனால் அதன் அருகே போகும் ஒளியும் வளைந்தே போகவேண்டும் என்பது 1915 இல் அவர் முடித்த கோட்பாடு. சூரியனின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் விண்மீன் ஒளி எவ்வளவு திரும்பும் என்றும் கணக்கிட்டுச் சொன்னார். மிகச் சிறிய அளவு அது. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் அதில் 1.75 பங்கு.

சூரியனுக்குப் பக்கத்தில் விண்மீனைப் பார்ப்பது எப்படி? முழுச் சூரிய கிரகணத்தின்போது பார்க்கலாம். 1919 மே 29 இல் ஆபிரிக்காவுக்கு அருகிலுள்ள பிரின்சிபே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் ஆங்கிலேய விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள். விண்மீன்கள் ஐன்ஸ்டைன் சொன்னபடியே இடம் விலகித் தெரிந்தன. 1922 இல் அவுஸ்திரேலியாவில் தெரிந்த கிரகணத்துக்குத் தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்தும் ஒரு குழு போனது.

நம்மவர்களுக்குக் கிரகணம் புதிதல்ல. 2010 ஜனவரி 15 மதியம் யாழ்ப்பாணத்து வானில் சூரியன் வளையல்போலத் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? ஏறக்குறைய பத்து நிமிடம் அந்த வளையம் நின்றது. அது கங்கண கிரகணம். சூரியனின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டிருந்ததால் அதன் அருகே விண்மீன்களைக் காண முடியாது. முழுக் கிரகணத்தில்தான் அந்தப் பரிசோதனையைச் செய்யலாம்.

ஒளி எவ்வளவு வளைந்தது என்று தெரிந்தால், வளைத்த பொருளின் பாரம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். அந்தப் பொருள் வெளிச்சமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருட்டாக இருந்தாலும் வளைக்கும். நான் சொல்லவந்த தராசு இதுதான்.

தராசில் வைப்பது என்ன?

மார்கழியில் ஈழத்துச் சிதம்பரத்தில் திருவெம்பாவை நடக்கும்போது நாம் நினைக்கும் திருவாதிரை நட்சத்திரம் சில நூறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதுவும் நம் சூரியனும் இன்னும் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களும் சேர்ந்ததுதான் நமது பால்வீதி மண்டலம். இப்படிப்பட்ட மண்டலங்கள் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் கூடி வாழ்கின்றன. பனங்குலையில் காய்கள் நெருங்கி இருப்பதுபோல. இவற்றை மண்டலக் கொத்துகள் என்போம்.

1933 இல் பிரிட்ஸ் சுவிக்கி என்ற சுவிற்சர்லாந்து விஞ்ஞானி கோமா என்னும் கொத்தை ஆராய்ந்தார். அதன் ஒளி நம்மிடம் வந்துசேர 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்குள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து அவர் திகைத்தார். கண்ணுக்குத் தெரியும் பாரம் மட்டும்தான் அங்கே உள்ளது என்றால் அந்த வேகத்துக்கு அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறாமல் கட்டிவைத்திருப்பது எது? வெளிச்சம் தராத ஏதோ ஒன்று, தெரிவதைவிடப் பல மடங்கு அதிகமாக, அங்கே இருக்கவேண்டும். அதைத்தான் இன்று கரும்பொருள் என்கிறோம்.

பல ஆண்டுகள் அவர் சொன்னதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1970 களில் அமெரிக்காவில் வேரா றூபின் என்ற பெண் விஞ்ஞானியும் உடன் உழைத்தவர்களும் தனித்தனி மண்டலங்களின் சுழற்சியை அளந்து, அங்கேயும் காணாத பாரம் இருக்கிறதென்று காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

1987 இல் பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஜெனவியேவ் சுக்காய் என்ற பெண்ணின் குழுவினர், ஏபெல் 370 என்னும் கொத்தின் படத்தில் நீண்டு வளைந்த வெளிச்சக் கீற்று ஒன்றைப் பற்றி எழுதினர். அமெரிக்காவிலும் இருவர் அதே காலத்தில் இத்தகைய கீற்றுகளைக் கண்டனர். அடுத்த ஆண்டு அதன் தூரத்தை அளந்தபோது, அந்தக் கீற்று கொத்துக்கு உள்ளே இல்லை, அதற்கும் வெகுதூரம் பின்னால் உள்ள வேறொரு மண்டலம் என்று தெரிந்தது. கொத்தின் பாரம் அதன் ஒளியை வளைத்து, இழுத்து, வில்லாக்கிவிட்டது.

ஆனால் இப்படிப் பளிச்சென்று வளைவது கொத்தின் நடுப்பகுதிக்கு நேர் பின்னால் இருப்பவை மட்டுமே. கொத்தின் முழுப் பாரத்தையும் அறிய வேண்டுமானால் ஓரப் பகுதிகளையும் அளக்கவேண்டும். அங்கே வளைவு மிகமிக மெல்லியது. ஒரு மண்டலத்தைத் தனியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பனைமரக் கணக்கு

இதை விளக்கக் காரைநகர்ப் பனைகளே போதும். கடற்கரைப் பக்கம் ஒரு பனை சற்றுச் சாய்ந்து நிற்கிறது. ஏன் சாய்ந்தது? காற்றாக இருக்கலாம். பிறவியிலேயே கோணலாக இருக்கலாம். வேரடியில் மண் கரைந்திருக்கலாம். ஒரு மரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்து மரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஆயிரம் பனைகளின் சாய்வை ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். பிறவிக் கோணல் ஒன்றுக்கு இடப்பக்கம், ஒன்றுக்கு வலப்பக்கம் என்று இருப்பதால், கூட்டிச் சராசரி எடுக்கும்போது ஒன்றையொன்று கழித்துவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சிறு சாய்வு இருந்தால் அது மட்டும் கழியாமல் மிஞ்சும். மிஞ்சுவதுதான் காற்றின் கை. காற்றைக் காணாமலே அதன் திசையையும் பலத்தையும் சொல்லிவிடலாம்.

வானத்திலும் இதே கணக்குத்தான். பின்னால் உள்ள மண்டலங்கள் இயல்பாகவே நீள்வட்டமாக, ஆளுக்கொரு பக்கம் பார்த்து இருக்கின்றன. இயற்கையான அந்த நீட்சி 30 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கொத்தின் பாரம் செய்யும் மாற்றம் 3 பங்கு மட்டும். ஒரு மண்டலத்தில் 3 ஐ 30 மறைத்துவிடும். 100 மண்டலங்களின் சராசரியை எடுத்தால் 30 என்ற குழப்பம் 3 ஆகக் குறையும். 900 எடுத்தால் 1 ஆகும். அப்போது 3 தலைநிமிர்ந்து தெரியும். சாதாரண தரக் கணிதத்தில் இடை என்று படித்தோமே, அதன் பலம் இது. முழுநிலாவின் அளவுள்ள வானத்துண்டில், நல்ல தொலைநோக்கி ஆயிரக்கணக்கான தூர மண்டலங்களைக் காட்டும். ஆகவே ஆட்பஞ்சம் இல்லை.

மிஞ்சும் சாய்வுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கொத்தை நடுவில் வைத்து, சுற்றிவரக் கும்மியடிக்கும் பெண்கள் கைகோத்து நிற்பதுபோல, பின்னால் உள்ள மண்டலங்கள் வட்டத்தின் வழியே சற்று நீண்டு தெரியும். நடுவுக்குக் கிட்ட அதிகம், விலக விலகக் குறைவு. அது குறைந்துகொண்டு போகும் விதத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் என்று வரைபடமே வரையலாம். மென் ஈர்ப்பு வில்லை முறை என்று இதைச் சொல்வர். 1990 இல் அன்ரனி ரைசனும் இருவரும் ஏபெல் 1689 முதலிய கொத்துகளைச் சுற்றி இந்த ஒழுங்கை முதலில் காட்டினர். சாய்வுகளிலிருந்து பாரத்தின் வரைபடத்தைப் பெறும் கணித வழியை 1993 இல் நிக் கைசரும் கோர்டன் ஸ்குயர்சும் தந்தனர்.

வெளிச்சவீட்டைப் பார்த்துத் திருத்துதல்

அக்காவின் மகள் கெட்டிக்காரி. இதைச் சொன்னவுடனே மறித்துக் கேட்டாள். "அன்ரி, படம் எடுத்த கமரா சரிஞ்சிருந்தால் எல்லா மரமும் சாய்ஞ்ச மாதிரித்தானே தெரியும்? அதைக் காத்து எண்டு நினைச்சிட மாட்டினமே?"

சரியான கேள்வி. அதற்கு விடை அவளுடைய ஊரிலேயே நிற்கிறது. கோவளம் வெளிச்சவீடு நேராக நிற்பது எல்லாருக்கும் தெரியும். படத்தில் வெளிச்சவீடும் சாய்ந்து தெரிந்தால் பிழை கமராவில். அது சாய்ந்த அளவை எல்லா மரங்களிலும் கழித்துவிட்டால் மிஞ்சுவது உண்மை.

வானில் வெளிச்சவீட்டின் வேலையைச் செய்பவை நமது பால்வீதியின் விண்மீன்கள். அவை கொத்துக்கு முன்னால், நமக்குக் கிட்ட இருப்பதால் கொத்து அவற்றின் ஒளியை வளைக்காது. வெகு தூரத்தில் இருப்பதால் வெறும் புள்ளிகளாகவே தெரியவேண்டும். புள்ளி நீண்டு தெரிந்தால், காற்றின் அசைவோ கண்ணாடியின் குறையோ காரணம். அதை அளந்து கழித்துவிடுவார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அளந்த சாய்வுகள் எல்லாவற்றையும் 45 பாகை திருப்பி வைத்து மீண்டும் அதே கணக்கைச் செய்வார்கள். பாரத்தால் வந்த சாய்வு என்றால் இந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் எங்கோ பிழை விட்டிருக்கிறோம் என்று திரும்பத் தொடங்குவார்கள். பின்னால் இருப்பது எது, கொத்துக்குள்ளே இருப்பது எது என்று பிரிப்பதிலும் கவனம் வேண்டும். உள்ளே இருப்பவற்றைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டால் சாய்வு குறைந்து, நிறையும் குறைவாகவே வரும்.

நிறுத்துப் பார்த்ததில் வந்தது

பெரிய கொத்து ஒன்றின் பாரம் நமது சூரியனைப் போல் ஒரு கோடி கோடி மடங்கிலிருந்து பத்துக் கோடி கோடி மடங்குவரை. அதை 100 பங்காக்கினால் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று பங்குதான். மண்டலங்களுக்கு இடையில் பரந்துள்ள கொதிக்கும் வாயு பத்துப் பன்னிரண்டு பங்கு. மிச்சம் ஏறக்குறைய 85 பங்கும் கரும்பொருள். அது என்ன துணிக்கையால் ஆனது என்று இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

2006 இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதில் முக்கியமானது. இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போன இடம் அது. புல்லட் கொத்து என்பார்கள். மோதலில் வாயு சிக்குப்பட்டு நடுவில் பின்தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் பாரத்தில் பெரும்பங்கு அந்த வாயு. ஆகவே பாரம் நடுவில் இருக்கவேண்டும் என்றுதான் நினைப்போம். வில்லை முறையால் நிறுத்துப் பார்த்தபோது பாரத்தின் பெரும்பகுதி வாயுவைத் தாண்டி, மண்டலங்களோடு இரு பக்கமும் போயிருந்தது. தெரிவது ஓரிடத்தில், பாரம் வேறிடத்தில்.

இந்தத் துறையில் நம் மொழிப் பின்னணியுள்ள ஒரு பெண் முன்னணியில் நிற்கிறார். கோயம்புத்தூரில் பிறந்து டில்லியில் வளர்ந்த பிரியம்வதா நடராஜன். பள்ளி மாணவியாக இருந்தபோது டில்லி நேரு கோளரங்கத்தின் இயக்குநராக இருந்த நிருபமா ராகவன் என்ற அம்மையாரிடம் போய் வேலை கேட்டார். வீட்டில் இருந்த சிறு கணினியில் டில்லி வானத்தின் வரைபடத்தைக் கணிக்கும் நிரலை எழுதினார். பின்பு அமெரிக்காவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். கொத்துகளுக்குள்ளே தனித்தனி மண்டலங்களைச் சூழ்ந்துள்ள கரும்பொருளையும் வில்லை முறையால் நிறுக்கும் வழியை 1997 இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். 2020 இல் அவரும் இத்தாலிய விஞ்ஞானி மெனகெற்றி முதலியோரும் 11 கொத்துகளை ஆராய்ந்தபோது, உள்ளே உள்ள சிறு சிறு வில்லைகளின் பலம் கணினிக் கணிப்புகளைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்று கண்டனர். கணிப்பில் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினர்.

வேலை இன்னும் பெருகுகிறது. ஐரோப்பியரின் யூக்ளிட் விண்தொலைநோக்கி 2023 ஜூலை 1 இல் ஏவப்பட்டது. வானத்தின் மூன்றில் ஒரு பங்கை அது அளக்கும். சிலி நாட்டு மலையில் வேரா றூபினின் பெயர் தாங்கிய வானாய்வகம் 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்டது. பெரிய கொத்துகள் எந்தக் காலத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணினால், இந்த அண்டம் எப்படி வளர்ந்தது என்ற கதையே தெரியவரும். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

அக்காவின் கேள்விக்கு

இவ்வளவையும் அக்காவின் வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்னேன். அன்று மின்சாரம் நின்றிருந்தது. வானம் நிறைய மீன்கள். 1990 களில் ஜாம் போத்தல் விளக்கோடு இடம்பெயர்ந்து இருந்த இரவுகளில் பார்த்த அதே வானம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா: "நான் ஒரு கந்தோருக்குப் போன நேரம் அங்கை இருந்தவர், 'உங்கடை ஒரு ஆளின்ரை கதையை வைச்சு என்னம்மா செய்யிறது' எண்டு கேட்டவர். நான் அழுதுகொண்டு வந்திட்டன். இப்ப விளங்குது. ஒரு பனையை வைச்சுக் காத்தைச் சொல்லேலாது எண்டு அவர் சொல்லியிருக்கிறார். ஆயிரம் பனையையும் அளந்து வையுங்கோ எண்டுதானே நான் கேட்டிருக்க வேணும்?"

நான் எழுத நினைத்திருந்ததை அவவே சொல்லிவிட்டா.

சகோதரிகளே, 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கி வீதியோரம் இருந்த தாய்மார் செய்ததும் இதுதான். தனித்தனியே தட்டிக்கழிக்கக்கூடிய கதைகளை ஒரே இடத்தில் வைத்தார்கள். வைத்தபோது அவற்றுக்குப் பொதுவான சாய்வு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆகவே இந்த வானக் கணக்கிலிருந்து மூன்று விடயங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, உங்கள் வீட்டுக் கதை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். திகதி, இடம், கண்டவர், கொடுத்த கடிதம், கிடைத்த துண்டு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு, உள்ளபடி எழுதுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். ஒவ்வோர் அளவும் நேர்மையாக இருந்தால்தான் சராசரி உண்மையைச் சொல்லும். மூன்று, தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நினைவு மாறக்கூடும். வெளிச்சவீடுபோல, பிறரும் உறுதிசெய்யக்கூடிய ஒன்றோடு, ஒரு திருவிழா நாளோடோ ஒரு பரீட்சை நாளோடோ ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். விஞ்ஞானிக்கு ஒரு தனி மண்டலத்தின் வடிவம் கழித்துவிட வேண்டிய குழப்பம். எங்களுக்கு அப்படி இல்லை. ஆயிரத்தில் ஒன்றாக எண்ணப்பட்டாலும் அக்காவுக்கு அவன் ஒரே மூத்த மகன்தான். கணக்குக் கொடுப்பது உலகத்துக்கு. பெயர் சொல்லி விளக்கேற்றுவது வீட்டுக்கு. இரண்டும் வேண்டும்.

மகளின் படிப்பையும் பற்றிப் பேசினோம். "கணிதம் படிச்சு என்ன வேலை கிடைக்கும், தையல் பழகினாலும் கையிலை காசு வரும்" என்று அக்கா பயந்தா. தனியாக நின்று பிள்ளைகளை ஆளாக்கும் எந்தத் தாய்க்கும் உள்ள பயம். தையலும் நல்ல தொழில்தான்; அதோடு இதுவும் இருக்கட்டும் என்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் கற்கலாம். பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களில் பல இன்று எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. காரைநகரில் இருந்தும் ஒரு கணினியில் எடுத்துப் பார்க்கலாம். சராசரி எடுக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கியலும் புள்ளிவிபரமும் சோறு போடும்.

புறப்படும்போது அக்கா படலைவரை வந்தா. "அவள் படிக்கட்டும். எழுதுறதுக்கு எனக்கும் ஒரு கொப்பி வாங்கித் தாறன் எண்டவள்" என்றா.

உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும் சகோதரிகளே. அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.